சட்டம் இருக்கிறது, மலை எங்கே?

பசிக்காகப் பக்கத்துத் தோப்பில் இரண்டு தேங்காய் எடுத்த விவசாயத் தொழிலாளிக்குத் திருடன் என்று பெயர். போலீஸ் ஸ்டேஷன், லாக்கப், கோர்ட்டு என்று அவனை இழுத்தடிப்பார்கள். ஒரு குன்றையே அறுத்துக் கப்பலேற்றி விற்றவனுக்கு என்ன பெயர்? தொழிலதிபர் என்று பெயர். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு மந்திரிகள் போவார்கள்.

மேடை அலங்காரத்துக்காக இதை நாம் சொல்லவில்லை. மதுரை ஜில்லா மேலூர் தாலுகாவில் நம் கண் முன்னால் நடந்த காரியம் இது. அங்கே நடந்ததை ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் ஒரு முறை ஆதியோடந்தமாகத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் இன்று அங்கே நடந்தது நாளை எந்தத் தாலுகாவிலும் நடக்கலாம். பல தாலுகாக்களில் நடந்துகொண்டும் இருக்கிறது.

மேலூரில் நடந்தது என்ன?

மேலூர், பெரியாற்றுப் பாசனத் தாலுகா. 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, வைகையில் கலந்து, கால்வாய் வழியாக இங்குள்ள கண்மாய்களை நிரப்புகிறது. ஒருபோகச் சாகுபடிதான். அந்த ஒரு போகத்தை நம்பித்தான் சிறு குடியானவர்களும், அவர்கள் வயலில் கூலிக்கு இறங்கும் ஜனங்களும் அடுப்பு மூட்டுகிறார்கள்.

இதே தாலுகாவில் கீழவளவு, கீழையூர், தெற்குத்தெரு போன்ற கிராமங்களில் நல்ல கிரானைட் கல் இருக்கிறது. இழைத்துப் பளபளப்பாக்கினால் சீமான்களின் மாளிகைத் தரைக்குப் போகும் கல். சர்க்கார் நிலத்தில் உள்ள கல் சர்க்காருடையது, அதாவது ஜனங்களுடையது. குத்தகை எடுத்தவன் குறித்த எல்லைக்குள், குறித்த அளவு வெட்டி, அதற்குரிய தொகையைக் கட்டி, நடைச்சீட்டு வாங்கித்தான் கல்லை வெளியே கொண்டு போக வேண்டும். இது விதி. ஆனால் எல்லைக் கல்லைத் தாண்டியும், அனுமதி பெறாத புறம்போக்கிலும், கண்மாய்க் கரையிலும் வெட்டினார்கள் என்பதுதான் எழுந்த புகார்.

2012 மே மாதத்தில் மதுரை கலெக்டராக இருந்த திரு. உ. சகாயம் இதைப் பற்றிச் சர்க்காருக்குக் கடிதம் எழுதினார். சர்க்கார் கஜானாவுக்கு ஏற்பட்ட நஷ்டம் ரூ. 16,338 கோடி என்பது அவர் போட்ட மதிப்பீடு. அதே மாதம் அவர் வேறு பதவிக்கு மாற்றப்பட்டார். கடித விவரம் ஆகஸ்டில் பத்திரிகைகளில் வெளிவந்து ஜனங்களிடையே கொந்தளிப்பு எழுந்த பிறகுதான் குவாரிகளில் சோதனை நடந்தது, வழக்குகள் போடப்பட்டன, குவாரிகள் மூடப்பட்டன.

2014 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு அதே சகாயத்தை விசாரணை அதிகாரியாக நியமித்தது. மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் அதை எதிர்த்தது, பலிக்கவில்லை. நரபலி கொடுத்ததாக வந்த புகாரின் பேரில் 2015 செப்டம்பரில் சுடுகாட்டில் தோண்ட வேண்டியிருந்தபோது, தடயம் மறைந்துவிடக் கூடாதே என்று அவர் இரவு முழுவதும் சுடுகாட்டிலேயே படுத்துக் காவல் காத்தார். அந்த நவம்பரில் அவருடைய அறிக்கை ஐகோர்ட்டில் தாக்கல் செய்யப்பட்டது.

ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி, ஐகோர்ட்டு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, சுடுகாட்டில் படுத்துக் காவல் காக்க வேண்டியிருந்தது. அப்படியானால் மண்வெட்டியைத் தவிர வேறு ஆயுதமில்லாத கிராமத்து ஏழையின் நிலை என்னவாக இருந்திருக்கும்?

கஜானா நஷ்டம் மட்டும்தானா?

பெரிய பத்திரிகைகள் கோடிகளைப் பற்றித்தான் எழுதின. கோடி நஷ்டம் உண்மைதான். ஆனால் கஜானாக் கணக்கில் ஏறாத நஷ்டம் ஒன்று இருக்கிறது. அது கூலிக்காரன் வீட்டு நஷ்டம்.

மேலூர் மண் பாறை மண். அங்கே தண்ணீர் மேல்மண்ணிலும், உளுத்த பாறையிலும், பாறை இடுக்குகளிலும்தான் தங்கும். கிணற்றைவிட ஆழமாகப் பக்கத்தில் ஒரு குவாரிக் குழி வெட்டினால், கிணற்றுக்கு வர வேண்டிய ஊற்று குழிக்குள் வடியும். வேலை நடக்க வேண்டுமென்று அந்தத் தண்ணீரை எஞ்சின் வைத்து இறைத்து வெளியே விடுவான் குவாரிக்காரன். கிணறு வற்றும்.

கண்மாய்களோ சங்கிலிக் கண்ணி போன்றவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். வெட்டி எடுப்பதில் விலைபோகும் கல் ஒரு பங்குதான்; மற்றதெல்லாம் கழிவு. அந்தக் கழிவுக் கல்லை எங்கே கொட்டுவது? வரத்துக் கால்வாயிலும் கண்மாய் உள்வாயிலும் கொட்டினார்கள். ஒரு கண்மாய் செத்தால் அதற்குக் கீழே உள்ள அத்தனை கண்மாயும் பட்டினி கிடக்கும். வெடிச் சத்தத்தில் வீட்டுச் சுவர் விரிசல் விடும். கல் தூசி பயிரின் மேல் படிந்து வெளுக்கும். வேலை முடிந்து போனவன் விட்டுச் சென்ற குழியில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். வேலி இல்லாத அந்தக் குழி ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டுமல்ல, குழந்தைகளுக்கும் எமன்.

நிலம் வைத்திருப்பவனுக்கு நஷ்டஈடு என்று ஒரு பேச்சாவது எழும். அவனிடம் பட்டா இருக்கிறது, மனுப் போடலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போகும் பெண்ணிடம் என்ன இருக்கிறது? கண்மாய் வற்றினால் அவளுடைய வேலை நாட்கள் போகின்றன. அந்த நாட்களுக்கு எந்தத் தாசில்தார் ஆபீஸிலும் ரிஜிஸ்தர் கிடையாது. சுற்றுச்சூழல் கேடு என்பது பட்டணத்துப் படித்தவர்களின் பிரச்னை என்று சிலர் நினைக்கிறார்கள். அது கூலிப் பிரச்னை, சோற்றுப் பிரச்னை என்று நாம் சொல்கிறோம்.

சட்டங்களுக்குப் பஞ்சமா?

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1957-ம் வருஷத்துச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் இருக்கிறது. மணல், கட்டடக் கல், சரளை போன்ற சிறு கனிமங்களுக்கு விதி செய்யும் அதிகாரத்தை அது மாநில சர்க்காருக்குக் கொடுத்தது. அதன்படி 1959-ல் தமிழ்நாட்டுச் சிறு கனிமச் சலுகை விதிகள் வந்தன. 1974-ல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம். 1981-ல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம். 1984-ல் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான ஏழைகள் மாண்டார்கள்; அதற்குப் பின் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 2006-ம் வருஷத்து அறிவிக்கையின்படி, சுரங்கம் தோண்டும் முன்னால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு குவாரியானாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியது. 2010-ல் பசுமைத் தீர்ப்பாயமும் ஏற்பட்டது.

இவ்வளவு இருந்தும் மலை போய்விட்டது. ஏன்? அதிகாரிகளின் கையூட்டு ஒரு காரணம். அது மட்டுமல்ல. சட்டத்துக்குள்ளேயே முதலாளிக்கு வாசல் வைத்திருக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1957-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் கனிமம் வெட்டியவனுக்கு அதிகபட்ச தண்டனை ஐந்து வருஷ ஜெயிலும், ஹெக்டேருக்கு ரூ. 5 லட்சம் அபராதமும். 2015-ல் திருத்திய பிறகுதான் இந்த அளவு. ஒரு ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். அதைப் பத்து மீட்டர் ஆழம் வெட்டினால் ஒரு லட்சம் கன மீட்டர் ஆகிறது. அபராதத்தை அதால் வகுத்துப் பாருங்கள்: கன மீட்டருக்கு ஐந்து ரூபாய்! வெட்டியதில் பத்தில் ஒரு பங்குதான் விலைபோகும் கல் என்று வைத்துக்கொண்டாலும், கன மீட்டருக்கு ஐம்பது ரூபாய்தான். டீக்கடையில் நாலு பேர் டீ குடிக்கும் காசு. கிரானைட் விலையோ ஆயிரக் கணக்கில். இந்த அபராதத்தைக் கண்டு எந்த முதலாளி பயப்படுவான்? இதையும் ஒரு செலவுக் கணக்காக எழுதிக்கொண்டு வேலையைத் தொடருவான்.

இதோடு முடியவில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கை எடுத்துக்கொள்ள, அதிகாரம் பெற்ற அதிகாரியே கோர்ட்டில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். கண்மாயை இழந்த குடியானவன் புகார் கொடுத்தால் போதாது. பணத்தைக் கட்டி வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு.

நியாயத்தைச் சொல்லும் தீர்ப்புகளும் வந்திருக்கின்றன. அதையும் நாம் மறைக்கவில்லை. சர்க்கார் நிலத்து மணலையும் கனிமத்தையும் அனுமதியின்றி எடுப்பது சாதாரணத் திருட்டுக் குற்றமும் ஆகும், அதற்குப் போலீஸ் தனியே வழக்குத் தொடரலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஒரிஸ்ஸா இரும்புச் சுரங்க வழக்கில், சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் வெட்டியவர்கள் அந்தக் கனிமத்தின் முழு விலையையும், நூற்றுக்கு நூறு, திருப்பிக் கட்ட வேண்டும் என்று 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இவை நம் கைக்கு வந்த ஆயுதங்கள்தான். ஆனால் ஆயுதத்தை எடுத்து வீச வேண்டிய கை யாருடையது? அதே ரெவின்யூ இலாகா, அதே போலீஸ் இலாகா.

அப்படியே பிடித்தாலும் யாரைப் பிடிக்கிறார்கள்? இரவில் லாரியை மடக்கினால் அகப்படுகிறவன் டிரைவர், கிளீனர், மண் அள்ளிப்போட்ட லோடுமேன். லாரிக்கு உடைமைக்காரன், குவாரிக்கு உடைமைக்காரன், அவனுக்குப் பின்னால் நிற்கும் அரசியல் பெரும்புள்ளி ஆகியோர் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கூலிக்காரன் ஜாமீனுக்கு அலைகிறான்.

துணிந்து கேட்டவர்களுக்கோ உயிருக்கு உத்தரவாதம் இல்லை. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி ஜில்லா முறப்பநாட்டில், தாமிரபரணி மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அதிகாரியை அவருடைய ஆபீஸிலேயே வெட்டிக் கொன்றார்கள். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை ஜில்லா திருமயம் பக்கம், கல் குவாரிகளின் முறைகேடுகளைப் பற்றி ஓயாமல் மனுக் கொடுத்து வந்த ஒருவர் லாரி மோதிக் கொல்லப்பட்டார். குவாரிக்காரர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

சட்டம் இறுகுகிறதா, தளர்கிறதா?

இந்த நிலையில் சர்க்கார் என்ன செய்திருக்க வேண்டும்? சட்டத்தின் ஓட்டைகளை அடைத்திருக்க வேண்டும். நடப்பது என்ன?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்து வருஷம் வரை ஜெயில் என்று 1986 முதல் இருந்தது. 2023-ல் பார்லிமெண்டில் கொண்டுவந்த சட்டத்தின் மூலம் அந்த ஜெயில் தண்டனையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் ரூ. 10,000 முதல் ரூ. 15 லட்சம் வரை அபராதம். அந்த அபராதத்தையும் கட்டாமல் விட்டால்தான் ஜெயில் என்ற பேச்சு. "தொழில் நடத்துவது சுலபமாக வேண்டும்" என்பது இதற்கு அவர்கள் சொல்லும் நியாயம். தேங்காய் எடுத்தவனுக்கு ஜெயில். ஆற்றையும் காற்றையும் கெடுத்தவனுக்கு ரசீது!

அனுமதி வாங்காமல் தொழிலைத் துவக்கிவிட்டு, பிறகு வந்து அனுமதி கேட்பவர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை 2017-லும் 2021-லும் மத்திய சர்க்கார் செய்தது. அது செல்லாது என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது. ஆறே மாதத்தில், நவம்பர் 18-ம் தேதி, மூன்று நீதிபதிகளில் இருவர் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஒருவர் மறுத்துத் தீர்ப்பு எழுதினார். முதலில் தோண்டு, பிறகு கேள் என்றால் அனுமதி என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? தோண்டிய பிறகு பாறையை ஒட்டவைக்க முடியுமா?

குவாரித் தொழிலாளி யார் பக்கம்?

குவாரியை எதிர்த்துக் கிராமம் திரளும்போதெல்லாம் முதலாளி ஒரு அஸ்திரத்தை எடுப்பான். "குவாரியை மூடினால் ஆயிரம் பேருக்கு வேலை போகுமே, உங்களுக்கு இரக்கமில்லையா?" என்பான். இந்த வார்த்தையை வைத்துத்தான் கல் உடைக்கும் தொழிலாளியையும் வயல் தொழிலாளியையும் பிரித்து எதிரெதிராக நிறுத்துகிறான். இதற்கு நாம் நேராகப் பதில் சொல்லியாக வேண்டும்.

குவாரித் தொழிலாளி வேலை கேட்பது நியாயம். 2012-ல் மேலூர்க் குவாரிகள் மூடப்பட்டபோது, வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் உள்படப் பலர் வேலை இழந்தார்கள். ஆனால் அந்த முதலாளி அதுவரை அவர்களுக்காக உருகியவனா? பாறையில் துளை போடும்போது கிளம்பும் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோஸிஸ் என்ற நோய் வருகிறது. அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசமும் சேர்ந்து பற்றிக்கொள்ளும். தண்ணீர் விட்டுத் துளை போட்டால் தூசி பெருமளவு அடங்கும். அதற்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்துத் தொழிலாளியின் நெஞ்சில் தூசியை ஏற்றுகிறவன்தான், வேலை போகுமே என்று கண்ணீர் வடிக்கிறான். பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே ஷிப்டுப் பார்த்த ஆலைத் தோழர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

சட்டவிரோதச் சுரங்கத்தில் தொழிலாளியின் பெயரே ஏட்டில் இருக்காது. மேகாலயாவின் ஜயிந்தியா மலைகளில், எலி வளை போன்ற பொந்துகளில் தவழ்ந்து போய் நிலக்கரி எடுப்பதை 2014 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது. தடை ஏட்டில் இருந்தது; பொந்துகளில் வேலை நடந்தது. 2018 டிசம்பர் 13-ம் தேதி கசான் என்ற இடத்தில் ஒரு சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 15 தொழிலாளர்கள் சிக்கினார்கள். கடற்படை முக்குளிப்போர் வந்தும், பல வாரம் தேடியும், இரண்டு சடலங்கள்தான் வெளியே வந்தன. 2025 ஜனவரியில் அஸ்ஸாமின் உம்ராங்சோவில் மறுபடி இதே கதை: சுரங்கத்துக்குள் வெள்ளம், ஒன்பது தொழிலாளர்கள். தடை செய்தால் போதும், வேலைக்கு வழி செய்ய வேண்டாம் என்று சர்க்கார் இருந்தால், பசி மனிதனை மறுபடியும் பொந்துக்குள் தள்ளும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கோர்ட்டே இதற்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. டேராடூன் மலைகளில் சுண்ணாம்புக்கல் குவாரிகள் ஊற்றுகளை அழித்தபோது, 1985 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு பல குவாரிகளை மூடச் சொல்லியது. மூடியதோடு நிற்கவில்லை. வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு, மரம் வளர்க்கும் வேலையிலும் மண் காக்கும் வேலையிலும் கூடிய சீக்கிரம் இடம் கொடுக்க வேண்டும் என்றும் கூறியது. அதற்கு முன்பே 1983-ல், பரீதாபாத் கல் குவாரிகளில் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்களின் கஷ்டத்தைச் சொன்ன ஒரு கடிதத்தையே வழக்காக ஏற்றுக்கொண்டு, அவர்களை விடுவிக்கவும், நல்ல குடிதண்ணீர் கொடுக்கவும், தூசியை அடக்கவும் உத்தரவிட்டது.

மேலூரிலும் அதைச் செய்யலாமே! கால்வாயில் கிடக்கும் கழிவுக் கல்லை அகற்ற வேண்டும். கண்மாயைத் தூர் வாற வேண்டும். குழிகளுக்கு வேலி போட வேண்டும். பாறையின் குணம் தெரிந்த குவாரித் தொழிலாளியைவிட இந்த வேலைக்கு யார் பொருத்தம்? மலையை வெட்டிய கைகளுக்கே கண்மாயை மீட்கும் வேலையைக் கொடுத்து, கூலியைக் கொள்ளையடித்தவனிடமிருந்து வசூலிப்பதுதான் நியாயம்.

ஜனங்கள் திரண்டால் என்ன நடக்கும்?

சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். சட்டத்துக்குப் பின்னால் ஜனங்கள் நிற்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறோம். இதற்கும் மேலூரே சாட்சி.

2024 நவம்பரில், இதே மேலூர் தாலுகாவில் டங்ஸ்டன் என்ற உலோகத்துக்காக சுமார் 2,015 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 5,000 ஏக்கர், வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு ஏலத்தில் போனதாக மத்திய சர்க்கார் அறிவித்தது. அதற்குள் அரிட்டாபட்டியும் அடக்கம். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள் உள்ள இடம் என்று தமிழ்நாடு சர்க்காரே 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர் அது. இந்தத் தடவை கொள்ளை சட்டவிரோதமாக வரவில்லை. முத்திரை குத்திய காகிதத்தோடு சட்டப்படியே வந்தது. வயலுக்கும் கண்மாய்க்கும் இரண்டும் ஒன்றுதான்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். சாதி, கட்சி பாராமல் பெண்களும் ஆண்களும் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் 9-ம் தேதி சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். மேலூரில் கடைகள் அடைக்கப்பட்டன. ஜனவரி 23-ம் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்துச் செய்தது. மகத்தான வெற்றி!

ஆனால் ஜாக்கிரதை! அதே வருஷம் செப்டம்பர் 8-ம் தேதி மத்திய சுற்றுச்சூழல் இலாகா ஒரு குறிப்பாணை போட்டது. முக்கிய கனிமங்கள் என்று பட்டியலிட்டவற்றுக்கான சுரங்கங்களுக்கு இனி ஜனங்களின் கருத்தைக் கேட்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மேலூர் ஜனங்கள் வாயைத் திறந்து வென்றார்கள். அடுத்த ஊர் ஜனங்கள் வாயைத் திறக்கும் மன்றத்தையே மூடிவிட்டார்கள். தேசத்துக்கு உலோகம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யாருடைய நிலத்தில், யாருடைய தண்ணீரைக் கெடுத்து, யாருடைய லாபத்துக்காக எடுக்கிறீர்கள் என்பதை அந்த ஜனங்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள் என்கிறோம். இதுகூட அதிகமான கோரிக்கையா?

நமது கோரிக்கைகள்

ஒன்று: ஒவ்வொரு குவாரியின் சர்வே நம்பர், எல்லை, ஆழம், அளவு, காலக்கெடு ஆகியவற்றைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்து ஆபீஸிலும் குவாரி வாசலிலும் வைக்க வேண்டும். எல்லைக் கல்லைக் கிராம ஜனங்களின் முன்னிலையில் நட வேண்டும்.

இரண்டு: திருடிய கனிமத்தின் முழு விலையையும் முதலாளியிடம் வசூலிக்க வேண்டும். டிரைவரையும் லோடுமேனையும் பிடித்துக் கணக்குக் காட்டும் கண்துடைப்பு நிற்க வேண்டும்.

மூன்று: அந்தப் பணத்தில் கண்மாய்களையும் வரத்துக் கால்வாய்களையும் சீர்படுத்த வேண்டும். அந்த வேலையைக் குவாரித் தொழிலாளர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் நியாயமான கூலியில் கொடுக்க வேண்டும். வேலை நாட்களை இழந்த நிலமற்றவர்களுக்கும் நஷ்டஈடு வேண்டும்.

நான்கு: நடக்கும் குவாரிகளில் எல்லாத் தொழிலாளர் பெயரும் ஏட்டில் ஏற வேண்டும். தண்ணீர் விட்டுத் துளை போடுவது, நெஞ்சு எக்ஸ்ரே, நோய்க்கு நஷ்டஈடு ஆகியவை கட்டாயமாக்கப்பட வேண்டும்.

ஐந்து: எந்தக் கனிமமானாலும் ஜனங்களின் கருத்தைக் கேட்டே தீர வேண்டும். தோண்டிய பிறகு அனுமதி என்ற ஏற்பாடு கூடாது. புகார் கொடுப்பவர்களின் உயிருக்கும் உடைமைக்கும் சர்க்கார் பொறுப்பு.

இவை தாமாக நடந்துவிடாது. அடுத்த கிராம சபைக்கு, விவசாயத் தொழிலாளர்கள் கும்பலாகப் போக வேண்டும். மே தினத்திலும் கிராம சபை கூடுகிறது. நம் ஊர் எல்லைக்குள் எத்தனை குவாரி, எது வரை அனுமதி, எவ்வளவு வெட்டியாயிற்று என்று கேள்வி கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுத்து மூலம் கேட்கலாம். தனியாக ஒருவர் கேட்டால் ஆபத்து. நூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அந்த நூறு பேரே பாதுகாப்பு. எழுதப் படிக்கத் தெரிந்த ஆலைத் தோழர்கள், லீவில் ஊருக்குப் போகும்போது, இந்த மனுவை எழுதிக் கொடுப்பதைத் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும். கல் உடைக்கும் தொழிலாளியின் குடிசைக்கும் அந்த மனுவோடு போக வேண்டும், அவனும் நம்மவனே.

போன மலையை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர முடியாது. நிற்கும் மலையைக் காக்க முடியும். காக்க வேண்டியவர்கள் நாமே!